ஈர மலையில் வால்வு ஸ்டீரியோ

பழைய வால்வு அம்பிளிபயர் ஒன்றை விலை பேசுமுன் விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: எந்த அறையில் இருந்தது, எத்தனை மழைக்காலம் போடாமல் கிடந்தது? வெளித்தோற்றமும் கம்பெனிப் பெயரும் அதற்குப் பிறகு. ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்தில் மே தொடங்கி செப்டம்பர் வரை தென்மேல் மழை விடுவதில்லை. 1,868 மீட்டர் உயரத்து நுவரெலியாவில் விடிகாலைக் குளிரில் உறைந்து கிடக்கும் இரும்புச் சட்டத்தின் (சாசி) மேல், கதவு திறந்ததும் உள்ளே வரும் மூடுபனி நீராகப் படிகிறது. மதுரைப் பக்கம் வறண்ட வெக்கையில் அறுபது வருடம் கிடந்த செட்டும் நம் மலையில் அறுபது வருடம் கிடந்த செட்டும் ஒரே பேக்டரியில் ஒரே மாதத்தில் செய்யப்பட்டிருந்தாலும், திருத்தும் மேசைக்கு வரும்போது இரண்டும் வேறு வேறு நோயாளிகள்.

ட்ரான்ஸ்போமருக்குள் சுருள்களைப் பிரிக்கும் காகிதம் ஈரத்தை உறிஞ்சுகிறது. மெழுகு பூசிய காகிதக் கண்டென்சர்கள் ஒழுகத் தொடங்குகின்றன. கார்பன் ரெசிஸ்டர்களின் மதிப்பு மெல்ல மெல்ல ஏறி, 220 கிலோ ஓம் என்று வர்ணக்கோடு சொல்வது மீட்டரில் 300ஐத் தொடுகிறது. இத்தனையும் உள்ளே நடந்திருக்க, வெளியே பெட்டி பளபளப்பாகவே இருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கே ஆசையோடு பிளக்கைச் செருகிப் பார்ப்பவர்களில் அதிகம் பேர் இழப்பது அவுட்புட் ட்ரான்ஸ்போமரை. வால்வு இன்றைக்கும் புதிதாகக் கிடைக்கிறது. அந்த ட்ரான்ஸ்போமர் லேசில் கிடைக்காது. ஆகவே வரிசை மாறக் கூடாது: முதலில் காயவைத்தல், பிறகு அளத்தல், கடைசியில்தான் கரண்ட்.

எவை கிடைக்கும்

மஸ்கெலியாவுக்குப் பக்கத்திலேயே லக்சபான நீர்மின் நிலையம் 1950இல் ஓடத் தொடங்கியது. ஆனாலும் அந்த மின்சாரம் லயக் காம்பராக்களுக்கு வந்து சேரப் பல பத்தாண்டுகள் ஆயின. அதனால் மலையகத்தில் அறிவிப்பாளர் மயில்வாகனத்தின் குரலையும் இலங்கை வானொலியின் பாட்டுகளையும் பெரும்பாலோர் கேட்டது பற்றரியில் ஓடிய சிறு ரேடியோவில். கரண்ட் குடிக்கும் பெரிய வால்வு செட்டுகள் துரை பங்களாவிலும், கிளப்புகளிலும், சில உத்தியோகத்தர் குவாட்டர்ஸ்களிலும்தான் இருந்தன. 1958 வாக்கில் ஸ்டீரியோ இசைத்தட்டு சந்தைக்கு வந்தபோது பங்களாக்களுக்கும் ஸ்டீரியோ வந்தது. 1975இல் வெளிநாட்டுக் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டு ட்ரான்சிஸ்டர் செட்டும் கசெட்டும் குவிந்த பிறகு, இந்தக் கனத்த பெட்டிகளுக்கு மதிப்பில்லாமல் போயிற்று. ஸ்டோர் ரூமில் போட்டார்கள், கைமாற்றினார்கள், பெட்டியை மட்டும் அலமாரியாக்கிக்கொண்டார்கள். இந்த மலையின் செவிக்கு ஒரு வரலாறு உண்டு. அதன் சாட்சியாக மிஞ்சியிருக்கும் பொருள்கள் இவை. பழைய இரும்புக்காரரிடம் போகும் ஒவ்வொரு செட்டையும் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

உங்கள் கைக்கு வரக்கூடியவற்றில் சிறந்தது, 1958இல் வந்த லீக் ஸ்டீரியோ 20 போன்ற தனி அம்பிளிபயர். பக்கத்துக்குச் சுமார் 10 வாட்; வால்வுகள் நான்கு ஈ.எல்.84, மூன்று ஈ.சி.சி.83, ஒரு ஜி.இசட்.34. பத்து வாட் போதுமா என்று கேட்பார்கள். பங்களா ஹோலுக்கே தாராளமாகப் போதும். குவாட் 2 என்பது ஒற்றைப் பக்க அம்பிளிபயர். ஸ்டீரியோவுக்கு இரண்டு வேண்டும். அதிகமாகக் கிடைப்பது ரெக்கோட் பிளேயரும் ரேடியோவும் ஒரே மரப்பெட்டியில் அடங்கிய ஸ்டீரியோகிராம்: குருண்டிக், பிலிப்ஸ், பை போன்றவை. பெட்டியைக் கறையான் தின்றிருந்தாலும் உள்ளிருக்கும் அம்பிளிபயர் திருத்தத் தக்கதாக இருக்கலாம். ஜப்பான் செட் என்றால் பின்பலகையைப் படியுங்கள். அங்கே 100 வோல்ட்தான். குறைப்பு ட்ரான்ஸ்போமர் இல்லாமல் நம் 230இல் செருகினால் கதை முடிந்தது. கோயில் திருவிழாக்களுக்கு வாடகைக்குப் போன ஒலிபெருக்கி அம்பிளிபயர்கள் ஒற்றைப் பக்கம் மட்டுமே. அவற்றின் 100 வோல்ட் லைன் முனையில் வீட்டு ஸ்பீக்கரைப் பூட்டாதீர்கள்.

ஒரு வகையை மட்டும் புதியவர்கள் தொடவே வேண்டாம். வால்வுகளின் பெயர் யூ என்ற எழுத்தில் தொடங்கினால் (யூ.எல்.84, யூ.சி.எல்.82 போன்றவை) அந்த செட்டில் பெரும்பாலும் மெயின் ட்ரான்ஸ்போமரே இருக்காது. சாசி நேரே மின்கம்பியோடு சேர்ந்திருக்கும். கைபேசியை அதில் இணைத்தால் கைபேசியின் உலோகத்திலும் 230 வோல்ட் ஏறலாம். ஈ என்று தொடங்குபவை 6.3 வோல்ட் இழை கொண்டவை. நீங்கள் தேட வேண்டியது அவற்றை.

கையை வைக்குமுன்

வால்வு அம்பிளிபயருக்குள் 300 முதல் 400 வோல்ட் வரை நேர்மின்சாரம் ஓடுகிறது. பிளக்கைக் கழற்றிய பிறகும் பெரிய கண்டென்சர்கள் அதைப் பிடித்து வைத்திருக்கும். 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு முனையிலும் நன்றாக உறையிட்ட வயரையும் முதலைக் கிளிப்பையும் பற்றவைத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிளிப் சாசியில், மற்றது கண்டென்சரின் நேர் முனையில், பத்து விநாடி. பிறகு மீட்டரால் பார்த்து, 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிய பின்னரே விரல் உள்ளே போகட்டும். ஓடும் செட்டில் அளக்கும்போது கறுப்பு முனையை சாசியில் கிளிப்பால் மாட்டிவிட்டு, சிவப்பை மட்டும் ஒரு கையால் பிடியுங்கள். மற்றக் கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். ஈரச் சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு நிற்காதீர்கள். காய்ந்த பலகையோ ரப்பர் விரிப்போ அவசியம். இந்த வேலையைத் தனியாக இருக்கும்போது செய்யக் கூடாது.

மெயின் வயரை யோசிக்காமல் மாற்றுங்கள். அந்தக் காலத்துத் துணி சுற்றிய இரட்டை வயரில் எர்த் கிடையாது. உள்ளே ரப்பர் பொடிந்து போயிருக்கும். மூன்று இழை வயர் போட்டு, பச்சை-மஞ்சளைத் துரு சுரண்டிய இடத்தில் சாசியோடு திருகாணியால் இறுக்கி, பியூஸ் 1 அம்பியர், மெதுவாக எரியும் வகையாகப் போடுங்கள்.

வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் எர்த் வயரை வெட்டிவிட்டுப் போடுகிற வழக்கம் நம்மூரில் உண்டு. உயிரைக் குடிக்கும் வழக்கம் அது. சுவிட்ச் விழுகிறது என்றால் ட்ரான்ஸ்போமருக்குள் இருக்கும் ஈரம் கரண்டைச் சாசிக்குக் கொண்டுபோகிறது என்று பொருள். சுவிட்ச் உங்களுக்கு உண்மையைச் சொல்கிறது, செட்டைக் காயவையுங்கள்.

தேயிலைப் பெட்டியில் காயவைத்தல்

இதற்கு மலையகத்தில் கிடைப்பதுபோல வசதியான சாமான் வேறெங்கும் இல்லை. தேயிலை கடதாசிப் பைகளில் போகத் தொடங்குமுன் ஏற்றுமதிக்குப் பயன்பட்ட பலகைப் பெட்டிகள், உட்பக்கம் உலோகத் தாள் ஒட்டியவை, இன்னும் பல வீடுகளில் துணிமணி வைக்கக் கிடக்கின்றன. அப்படி ஒன்றை எடுத்து, அடியில் நான்கு மூலையிலும், மேல்மூடியில் நடுவிலும் விரல் நுழையும் துளை இடுங்கள். அடியில் 40 வாட் இழை பல்ப் ஒன்று, பலகையிலிருந்தும் தாளிலிருந்தும் ஒரு சாண் தள்ளி, பீங்கான் ஹோல்டரில். ஹோல்டரும் வயரும் உலோகத் தாளில் படாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பல்புக்கு மேலே கம்பித் தட்டு. தட்டின் மேல், வால்வுகள் கழற்றிய அம்பிளிபயர். உள்ளே வெப்பமானி வையுங்கள். 45 பாகை நல்லது. 50ஐத் தாண்டினால் மூடியைச் சற்று விலக்குங்கள். அதற்கு மேல் போனால் கண்டென்சர் மெழுகு இளகும். கொழுந்தை வாட்டுகிறவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை: சூட்டைவிட, சூடான காற்று நகர்ந்துகொண்டே இருப்பதுதான் ஈரத்தை எடுக்கிறது. மூன்று நாள் பகலில் வைத்தெடுங்கள். ஆள் இல்லாத நேரத்திலும் இரவிலும் அணைத்துவிடுங்கள்.

பெட்டிக்குள் வைக்குமுன் தூசியை மென்தூரிகையால் தட்டுங்கள். எலிப்புழுக்கை, கரப்பான் முட்டை, குளவி கட்டிய மண் எல்லாம் இருக்கும். எலி சிறுநீர் பட்ட இடத்தில் ஈயப்பற்று சாம்பல் நிறத்தில் வெளுத்திருந்தால் அந்தப் பற்றை உருக்கிப் புதிதாகப் போட வேண்டும். வால்வுக் கண்ணாடியில் அச்சிட்ட எழுத்தை மட்டும் துடைக்காதீர்கள். ஸ்பிரிட் பட்ட கணமே அழிந்து, எந்த வால்வு எதுவென்று தெரியாமல் போய்விடும்.

காய்ந்ததா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. தேயிலை பேக்டரி எலக்ட்ரீஷியனிடம் மெகர் என்ற மின்காப்பு அளவி இருக்கும். மோட்டார் சுருள்களைச் சோதிப்பதற்கு வைத்திருப்பார். 500 வோல்ட் அளவில் வைத்து, மெயின் ட்ரான்ஸ்போமரின் முதல் சுருளின் இரு முனையையும் பிற இணைப்புகளிலிருந்து கழற்றி ஒன்றாகச் சேர்த்து, அதற்கும் சாசிக்கும் இடையே பார்க்கச் சொல்லுங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் கரண்ட் கொடுக்கக் கூடாது. திரும்பவும் பெட்டிக்குள் வையுங்கள். நன்றாகக் காய்ந்த ட்ரான்ஸ்போமர் பல பத்து மெகா ஓம் காட்டும். மற்ற இடங்களில் மெகரை வைக்க விடாதீர்கள், கண்டென்சர்கள் கெட்டுப்போகும்.

அவுட்புட் ட்ரான்ஸ்போமரைச் சாதாரண மீட்டரால் அளந்தால் போதும். நடு முனையிலிருந்து இரு வால்வுக்கும் போகும் சுருள்கள் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்ட வேண்டும். உட்சுருள் குறுகியது, வெளிச்சுருள் நீளமானது என்பதால் சிறு வித்தியாசம் இயல்பு. ஒரு பக்கம் எதுவுமே காட்டாவிட்டால் மயிரிழைக் கம்பி பச்சை பூத்து அறுந்துவிட்டது. மோட்டார் சுற்றும் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். இந்தச் சுருள்கள் பகுதி பகுதியாக ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிச் சுற்றப்பட்டவை. சுற்று எண்ணிக்கை சரியாக இருந்தாலும் அடுக்கு பிசகினால் பாட்டின் மேல்ஸ்தாயி மழுங்கிவிடும்.

மாற்ற வேண்டியவை

கப்ளிங் கண்டென்சர் என்ற சிறு உருப்படியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் சேதங்களில் பெரும்பாலானவை அங்கிருந்தே தொடங்குகின்றன. முன் வால்வில் இருக்கும் இருநூறு சொச்சம் வோல்ட்டை மறித்து, பாட்டை மட்டும் அவுட்புட் வால்வான ஈ.எல்.84இன் கிரிட்டுக்கு விடுவது அதன் வேலை. ஈரம் ஏறிய காகிதக் கண்டென்சர் அந்த மறிப்பைக் கைவிடுகிறது. கிரிட்டில் சில வோல்ட் நேர்மின்சாரம் கசிந்தாலே வால்வு அளவுக்கு மீறி இழுக்கும். உள்ளிருக்கும் சாம்பல் நிறத் தகடு இருட்டில் செங்கனலாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் உடனே பிளக்கை இழுங்கள். இழுக்காவிட்டால் முதலில் கதோட் ரெசிஸ்டர் கருகும், அடுத்தது ட்ரான்ஸ்போமர்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. ஓடும் செட்டில் ஈ.எல்.84இன் 2ஆம் முள்ளுக்கும் சாசிக்கும் இடையே டிஜிட்டல் மீட்டரை வையுங்கள். பூச்சியம் காட்ட வேண்டும். அரை வோல்ட் நேர்மின்சாரம் இருந்தாலும் குற்றம்தான். செட்டை அணைத்து அந்த வால்வைக் கழற்றி, ஒரு நிமிடம் மட்டும் செட்டை மீண்டும் போட்டுப் பாருங்கள். வோல்ட் அப்படியே நின்றால் கண்டென்சர் ஒழுகுகிறது. மறைந்தால் வால்வுக்குள் வாயு சேர்ந்திருக்கிறது. சோதனை தெரிந்திருக்கட்டும். ஆனால் மலையில் கிடந்த செட்டில் நான் சோதித்துப் பார்த்து வைத்துக்கொள்வதில்லை. மெழுகுக் காகிதம் அத்தனையையும் எடுத்துவிடுவேன். அதே மதிப்பில், 630 வோல்ட் பாலிப்ரொப்பிலீன் கண்டென்சர்கள் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தேடினால் கிடைக்கும்.

மின்வடிப்புக்கான பெரிய எலக்ட்ரோலிட்டிக் குப்பிகளும் போக வேண்டியவைதான். புதியவை 450 வோல்ட், 105 பாகை வகையாக இருக்கட்டும். 'பெரிதாகப் போட்டால் இரைச்சல் குறையும்' என்ற கடைக்காரப் பேச்சைக் கேட்டு 220 மைக்ரோபரட் போடாதீர்கள். ரெக்டிபயர் வால்வுக்கு அடுத்து வரும் முதல் கண்டென்சருக்கு எல்லை உண்டு: ஜி.இசட்.34க்கு 60 மைக்ரோபரட், ஈ.இசட்.81க்கு 50. மீறினால் போடும் ஒவ்வொரு முறையும் வால்வுக்குள் தீப்பொறி பறக்கும். பழைய அலுமினியக் குப்பியைப் பிடுங்க வேண்டாம். இணைப்பை வெட்டிவிட்டுத் தோற்றத்துக்கு மேலே நிற்கவிட்டு, புதியவற்றை அடியில் பொருத்துங்கள். ரெசிஸ்டர்களில் குறித்த மதிப்பிலிருந்து 20 வீதத்துக்கு மேல் ஏறியவற்றை மாற்றினால் போதும்.

வால்வுகளைக் கடைசியில் பாருங்கள். உச்சியில் வெள்ளிப் பூச்சு மின்னினால் உள்ளே வெற்றிடம் நலம். பால் வெள்ளையாகியிருந்தால் காற்றுப் புகுந்து இறந்துவிட்டது. ஈ.எல்.84, ஈ.சி.சி.83 இரண்டையும் ஸ்லோவாக்கியாவிலும் ரஷ்யாவிலும் சீனாவிலும் இன்றும் செய்கிறார்கள். பழைய மல்லார்ட் வால்வு நன்றாக ஓடினால் அதையே ஓடவிடுங்கள்.

முதல் கரண்ட்

60 வாட் இழை பல்ப் ஒன்றை மின்கம்பியில் தொடராகச் சேர்த்து, அதன் வழியாகச் செட்டுக்குக் கரண்ட் கொடுங்கள். எல்.ஈ.டி. பல்ப் இதற்கு உதவாது. வால்வு ஒன்றும் இல்லாமல் முதலில் போடுங்கள். பல்ப் கிட்டத்தட்ட இருண்டிருக்க வேண்டும். பிரகாசமாக எரிந்தால் ட்ரான்ஸ்போமர் உள்ளே ஷோர்ட். பிறகு எல்லா வால்வையும் செருகி, ஸ்பீக்கரைப் பூட்டி, பல்பை 100 வாட்டாக்கிப் போடுங்கள். முதலில் பளிச்சென்று எரிந்து, மங்கி, வால்வுகள் சூடானதும் சற்று ஏறி நிற்பது நல்ல குணம். ஸ்பீக்கர் இல்லாமல் எந்த நேரத்திலும் ஓட்டாதீர்கள்.

பல்பை எடுத்துவிட்டு நேரே கொடுத்தபின் இரண்டு அளவு முக்கியம். ஒன்று, வால்வு இழையில் மாறுமின்சாரம் 6.0க்கும் 6.6 வோல்ட்டுக்கும் இடையே இருக்க வேண்டும். கூடினால் ட்ரான்ஸ்போமரில் 240 அல்லது 250 என்று குறித்த முனைக்கு மாற்றுங்கள். பழைய ஐரோப்பிய செட்டுகள் 220இல் வைக்கப்பட்டே வரும். லைனின் முடிவில் இருக்கும் தோட்டங்களில் மாலையில் இறங்கி நள்ளிரவில் ஏறும் வோல்ட்டேஜையும் கணக்கில் எடுத்து, இரண்டு நேரத்திலும் அளந்து பாருங்கள்.

இரண்டாவது, வால்வு எவ்வளவு உழைக்கிறது என்பது. கதோட்டில் (3ஆம் முள்) இருக்கும் வோல்ட்டைக் கதோட் ரெசிஸ்டரால் வகுத்தால் மின்னோட்டம் வரும். 270 ஓமில் 10.5 வோல்ட் என்றால் 39 மில்லி அம்பியர். அதில் ஸ்கிரீனுக்குப் போகும் நாலைந்தைக் கழித்து, மிச்சத்தைத் தகட்டுக்கும் கதோட்டுக்கும் இடையிலுள்ள 300 வோல்ட்டால் பெருக்குங்கள்: பத்து வாட் சொச்சம். ஈ.எல்.84இன் எல்லை 12 வாட். நான்கு வால்வும் இதையொட்டி நின்றால் செட் ஆரோக்கியமாக இருக்கிறது. நான்கின் அளவையும் தேதியோடு ஒரு தாளில் எழுதி அடித்தகட்டின் உட்பக்கம் ஒட்டுங்கள். அடுத்து திறப்பவர் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.

பாட்டு

ஸ்டீரியோகிராமில் அம்பிளிபயர் சரியாகியும் தட்டு மட்டும் ஈனக்குரலில் பாடினால் பிக்கப்பைச் சந்தேகியுங்கள். அந்தக் காலத்துக் கிரிஸ்டல் பிக்கப்புக்குள் இருப்பது ரோஷெல் உப்பு. நம் மலைக் காற்றில் அது கரைந்தே போகும். அதற்குத் திருத்தம் இல்லை. செராமிக் பிக்கப் போடுங்கள். 78 சுற்றுத் தட்டுக்கு அகன்ற ஊசி வேறு, எல்.பி.க்கு மெல்லிய ஊசி வேறு. மாற்றிப் போட்டால் தட்டு பாழ்.

நம் வீடுகளில் இருக்கும் ஐம்பது, அறுபதுகளின் தமிழ்த் தட்டுகள் மோனோ. ஸ்டீரியோ பிக்கப்பால் அவற்றைப் போடும்போது அம்பிளிபயரில் மோனோ சுவிட்சைத் தட்டுங்கள். பள்ளத்தின் மேல்கீழ் அசைவால் வரும் கரகரப்பு இரு பக்கமும் எதிரெதிராக அடிபட்டுக் கழிந்து, குரல் நடுவில் தெளிவாக எழும்பும். 1978இல் வந்த 'ப்ரியா' படப் பாடல்கள் போன்ற, தொடக்ககால ஸ்டீரியோப் பதிவுகள் கிடைத்தால் சுவிட்சை மீண்டும் ஸ்டீரியோவுக்கு மாற்றி, இரு ஸ்பீக்கரையும் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். ஈரச் சுவரில் ஒட்டிவைத்த ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு ஒரே மழைக்காலத்தில் பூசணம் பிடிக்கும். ஸ்பீக்கரின் ஓம் அளவு எழுதிய முனையிலேயே அதன் வயரைப் பூட்டுங்கள். பழைய பிரித்தானிய செட்டில் 15 என்றிருந்தால் 16 ஓமும் பொருந்தும்.

கைபேசியிலிருந்து பாட்டுக் கொடுக்க விரும்பினால் டியூனர் முனையைப் பயன்படுத்துங்கள், பிக்கப் முனையை அல்ல. கைபேசியின் ஒலியைப் பாதியில் வைத்துத் தொடங்குங்கள்.

மழைக்கால ஒழுங்கு

ஜூன், ஜூலையில் வாரத்துக்கு மூன்று நாளாவது ஒரு மணி நேரம் செட்டை ஓடவிடுங்கள். வால்வுகளின் சொந்தச் சூடே ட்ரான்ஸ்போமரைக் காயவைக்கும். உறை போட்டு மூடி வைத்த செட்டைவிடப் பாடிக்கொண்டிருக்கும் செட் நீண்ட நாள் இருக்கும். ஓடும்போது மேலே ஒரு சாண் வெறுமை வேண்டும், சரிகைத் துணியோ போட்டோ பிரேமோ வைக்கக் கூடாது. அணைத்தபின் முழுதும் ஆறியதும் மெல்லிய பருத்தித் துணியால் மூடலாம். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளே பூட்டிவிடும்.

சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் இடி வரும் நாட்களில் சுவிட்சை அணைத்தால் போதாது. பிளக்கையும், ஏரியல் வயர் இருந்தால் அதையும், வானம் கறுக்கும்போதே கழற்றிவிடுங்கள். மழை விட்டபின் உடனே போடாமல், கரண்ட் வந்து போய் நிலைக்கும்வரை ஒரு கால்மணி நேரம் பொறுங்கள்.